பெரிய கோயில் நிழல் தரையில் விழுமா, விழாதா?

கேள்வி – 20 டிசம்பர் 2023

தஞ்சாவூர் பெரிய கோயிலில் கருவறைக்கு மேலே எழும்பி நிற்கும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப்போன வாத்தியாரும் அதையேதான் சொன்னார். போன வாரம் ஆபீசில் ஒரு பையன் "இன்னுமா சார் இதை நம்புறீங்க" என்று சிரித்துவிட்டான். கோயிலாகப் படம் எடுத்தே தலை நரைத்தவர் ஒருவர் இங்கே இருக்கிறாரே, அவரே சொல்லட்டும். விழுமா, விழாதா?

20 டிசம்பர் 2023, இரவு

விழும்.

21 டிசம்பர் 2023

ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டேன் என்று மூன்று பேருக்குக் கோபம். சரி, விரித்தே சொல்கிறேன்.

காலையில் போனால் நிழல் மேற்கே கிடக்கும். சாயங்காலம் நாலரைக்குப் போனால் கிழக்கே, மண்டபத்தின் மேல் ஏறி நந்தி இருக்கும் திசைக்கு நீளும். கோடையில் வெளியூர்க் குடும்பங்கள் அந்த நிழலைத் தேடித்தான் உட்காருவார்கள். ஒரு தடவை ஒரு அப்பா தன் பிள்ளையிடம், "இந்தக் கோபுரத்துக்கு நிழலே கிடையாதுடா" என்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தது அதன் நிழலில். பிள்ளை எதுவும் கேட்கவில்லை. அதன் கவனமெல்லாம் ஐஸில்.

நான் கும்பகோணத்துக்காரன். முப்பது வருடம் கல்யாணம் காதுகுத்து எடுத்துப் பிழைத்தவன். முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் எனக்குக் கோயில் மாதங்கள். காமிராவைத் தூக்கிக்கொண்டு பெரிய கோயிலுக்கு எத்தனை நடை போனேன் என்பதற்குக் கணக்கு இல்லை. இந்தக் கதையை ஒரு நாளும் நம்பினதில்லை.

(விமானத்தைக் கோபுரம் என்று எழுதியதற்குத் திட்ட வருகிறவர்களுக்கு: அந்த அப்பா சொன்னது அப்படி.)

22 டிசம்பர் 2023

"காலையும் சாயங்காலமும் எல்லாக் கட்டடத்துக்கும்தான் நிழல் விழும், கதை உச்சிவேளையைப் பற்றியது" என்று ஒருவர் மடக்கினார். நியாயம். இன்றைக்கே பஸ் ஏறிப் போய்விட்டு வந்தேன்.

நம் கடிகாரத்து 12 மணி தஞ்சாவூருக்கு உச்சி இல்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துப் போட்டது. தஞ்சாவூர் அதற்கு மேற்கே, 79-ஐக் கொஞ்சம் தாண்டி இருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கோட்டுக்கு வர ஏறத்தாழ 12:12 ஆகிறது. அந்த நிமிடத்தில் நிழல் வடக்கே, சண்டிகேசுவரர் சந்நிதி இருக்கும் பக்கத்தில், நன்றாகக் கறுப்பாக விழுந்து கிடந்தது. சுவரை ஒட்டி நின்று அதன் நுனிவரை நடந்தேன். என் காலடிக்கு நாற்பது. ஏறக்குறைய நூறு அடி.

முடிந்தது வழக்கு. உச்சிவேளையில் பெரிய கோயில் நிழல் எப்போதும் வடக்கே விழும்.

24 டிசம்பர் 2023

திருத்தம். "எப்போதும்" என்று எழுதியது என் அவசரம். தஞ்சாவூர் இருப்பது 10.78 பாகை வடக்கே. சூரியன் ஜூனில் 23.4 பாகை வரை வடக்கே ஏறிப்போகிறது. அப்போது உச்சியில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மதுரையிலிருந்து ஒரு பௌதிக ஆசிரியை எழுதிச் சுட்டிக்காட்டினார். முப்பது வருடம் வெளிச்சத்தை விற்றுச் சாப்பிட்டவன், சூரியன் எந்தப் பக்கம் போகிறது என்று பாடம் கேட்க வேண்டியதாகிவிட்டது.

28 டிசம்பர் 2023

அந்த ஆசிரியை இன்னொன்றும் சொன்னார். "கணக்குப் போட்டுப் பாருங்கள் சார், கதை முழுப் பொய் இல்லை." அவர் மேல் எரிச்சலோடுதான் போட்டேன்.

விமானம் 216 அடி என்பது ஊர்க்கணக்கு. அடிப்பாகம் பக்கத்துக்குச் சுமார் 100 அடி. அப்படியானால் உச்சியிலிருக்கும் கலசத்துக்கு நேர் கீழேயிருந்து வெளிச்சுவருக்கு 50 அடி. உச்சிவேளையில் சூரியன் தலைக்கு மேலேயிருந்து 13 பாகைக்குள் சாய்ந்திருக்கும்வரை, கலசத்தின் நிழல் அந்த 50 அடியைத் தாண்டாது. கட்டடத்தின் மேலேயே விழுந்து நின்றுவிடும்.

13 பாகைக்குள் எத்தனை நாள் இருக்கும்? மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. ஜூன் 21-இல்கூடச் சாய்வு 12.7 பாகைதான். மயிரிழையில் உள்ளே.

ஆக, ஆண்டில் பாதி நாள், உச்சிவேளையில், சிகரத்தின் நிழலைத் தரையில் தேடினால் கிடைக்காது! கீழ்ச்சுவரின் நிழல் ஒரு பட்டையாகக் கிடக்கும். கூம்பு நிழல் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு ஊர்சுற்ற வருகிற ஏப்ரலும் மேயும் இந்தப் பாதிக்குள் வந்துவிடுகின்றன. அந்த வாத்தியாரும் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சொன்னார். அவர் சொன்னதில் பாதி கண்ணால் கண்டது.

நான் ஏன் பார்க்கவில்லை? சித்திரை, வைகாசி முழுக்க ஏதாவது ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளை தோளில் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஆடியில் போவேன், ஆனால் மதியம் தலைக்கு மேல் வெயில், படத்துக்கு ஆகாது என்று பத்து மணிக்கே மூட்டை கட்டிவிடுவேன். மதிய நிழலை நான் பார்த்ததெல்லாம் மார்கழியில், அது நீண்டு கிடக்கிற நாட்களில்.

20-ஆம் தேதி எழுதிய "விழும்" என்பதை அழிக்கவில்லை. இருக்கட்டும்.

29 டிசம்பர் 2023

"அப்படியானால் சோழர்கள் திட்டமிட்டே கட்டினார்கள்!" வந்துவிட்டீர்களா.

அடி போதுமான அகலமாக இருக்கும் எந்தக் கூம்புக்கும் நம் ஊர் அட்சரேகையில் இது நடக்கும். உங்கள் வீட்டு மாவிடிக்கிற உலக்கைக்கு நடக்காது, கவிழ்த்த புனலுக்கு நடக்கும். அதோடு, ராஜராஜன் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை. ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிய 96 ஆடு என்று கல்லில் வெட்டினார். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று வெட்டினார். உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்தது தன் 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாள் என்று நாள் எண்ணி வெட்டினார். நிழலை மறைத்திருந்தால் அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்க மாட்டாரா?

30 டிசம்பர் 2023

விமானத்தின் உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல்லா என்று யாரும் இங்கே கேட்க வேண்டாம். பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியாயிற்று. ஒரு கதைக்கே எனக்குச் செருப்பு தேய்ந்துவிட்டது.

6 ஜனவரி 2024

விமானம் சாயாமல் எடுக்க என்ன லென்ஸ் என்று கேட்டவருக்கு: வைட் லென்ஸ் போட்டு அண்ணாந்து எடுத்தால் விமானம் பின்னால் மல்லாந்து விழுகிற மாதிரி வரும். சாய்வை நிமிர்த்துகிற ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது, விலை கேட்டால் நாம் மல்லாந்து விழுவோம். ஏழை வழி ஒன்றுதான். பின்னால் போங்கள். ராஜராஜன் திருவாசல் வரைக்கும், இடம் போதாவிட்டால் கேரளாந்தகன் திருவாசல் வரைக்கும் போங்கள். இரண்டு வாசலும் விமானத்தைவிடக் குள்ளம், அது சோழர் கணக்கு. பிற்காலத்துக் கோயில்களில் வாசல் கோபுரம் வானத்துக்குப் போய், கருவறை உள்ளே சுருங்கிவிட்டது. அங்கே பின்னால் போகப்போக எதுவும் தெரியாது.

இதைப் பேசும்போது எனக்கு எப்போதும் டிரைப் ஞாபகம் வரும். லின்னேயஸ் டிரைப், மதராஸ் ராஜதானிக்கு அரசாங்கப் போட்டோகிராபராக இருந்த ராணுவக் காப்டன். 1858-இல் தஞ்சாவூரில் பெரிய காமிராவும் மெழுகேற்றிய காகித நெகட்டிவும் வைத்து எடுத்தார். நானெல்லாம் வெளிச்சம் இல்லை என்று பத்து மணிக்கு மூட்டை கட்டினவன். அவர் விமானத்தின் அடிப்பாகத்தில் ஓடுகிற கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். காமிராவை நகர்த்தி, சுவருக்கு அதே தூரத்தில் நிறுத்தி, மறுபடி நகர்த்தி. இன்றைக்கு செல்போனைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் வருகிற பனோரமா.

அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நீலத்தின் மேல் பேராசை. வானம் வெந்து வெளுத்துப்போகும். டிரைப் நெகட்டிவின் மேலேயே மேகத்தை வரைந்து வைப்பார். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவர்மேல் மரியாதை கொஞ்சம் இறங்கியது. பிறகு என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 2009-இல் மாமல்லபுரத்தில் எடுத்த மேகத்தைத் தஞ்சாவூர் விமானத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்த ஆள் நான்தான். விமானத்தில் வெயில் இடப்பக்கத்திலிருந்து, மேகத்தில் வலப்பக்கத்திலிருந்து. ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். நடுவர்கள் மூன்று பேரில் ஒருவரும் இரண்டு சூரியனைக் கவனிக்கவில்லை.

டிரைப்புக்கு மரியாதையைத் திரும்பக் கொடுத்துவிட்டேன்.

3 பிப்ரவரி 2024

நிழலிலிருந்து விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரைவெட்டி ஏரிக்கு இந்த வாரம் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்திருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்து லாங்வுட் சோலைக்கும் சேர்த்து. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய், கொள்ளிடம் தாண்டித் திருமானூர் வழியாகப் போனால் கரைவெட்டி. அரியலூர் மாவட்டம். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் வந்து நிறைகிற ஏரி. அதாவது மேட்டூர் தயவு.

நேற்று விடிகாலை கரையில் உட்கார்ந்திருந்தேன். பட்டைத்தலை வாத்துகள் வந்திருக்கின்றன. வெள்ளைத் தலையில், பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டை. இமயத்தைத் தாண்டி வருகிற பறவை, நம் ஊர் ஏரியில் இறங்கிக் கழனிக் கோழி மாதிரி மேய்ந்துகொண்டிருக்கிறது. முதல் மூன்று மணி நேரத்தில் நாற்பது படம் எடுத்திருப்பேன். அதற்குப் பிறகு காமிராவை மடியில் வைத்துவிட்டேன்.

கோயிலை எடுத்துப் பழகியவனுக்குப் பறவை எடுக்க வராது. கோயில் நமக்காகக் காத்திருக்கும், வெயில் சரியில்லை என்றால் நாளைக்கு வரலாம். பறவைக்கு அந்தப் பொறுமை இல்லை. எனக்கும் கல்யாணத்துக்குப் பழகின கை, "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்ல வாய் வந்துவிடுகிறது.

திரும்பும்போது கங்கைகொண்ட சோழபுரம் போயிருக்கலாம். போகவில்லை. அது வேறு பாட்டு: தஞ்சாவூர் விமானம் கோடு போட்டாற்போல ஏறும், அது உள்வாங்கி வளைந்து ஏறும். நிழலின் விளிம்பும் வளைந்துதான் விழும். புல்தரை, கூட்டம் இல்லை. படம் எடுக்க எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் தஞ்சாவூர்க்காரர்கள் வீட்டில் பெண் எடுத்தவன், வெளியே சொல்வதில்லை.

11 மார்ச் 2024

டிசம்பரில் "இந்தக் கதையை ஒரு நாளும் நம்பினதில்லை" என்று எழுதினேன் அல்லவா?

பரண் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய காலண்டர் கிடைத்தது. 1997. ஒரு மளிகைக் கடைக்காக நான் எடுத்துக் கொடுத்த படம். பெரிய கோயில், வலப்பக்கமாக இரண்டு சிறுமிகள். கீழே கொட்டை எழுத்தில்: "நிழல் விழாத அதிசயக் கோபுரம்". வாசகம் என்னுடையது. கடைக்காரர் "ஏதாவது நாலு வார்த்தை போடுங்க தம்பி" என்றார், போட்டேன்.

படம் சாயங்காலத்தில் எடுத்தது. அந்த இரண்டு சிறுமிகளும் எதில் நிற்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? விமானத்தின் நிழலில். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று நான்தான் அவர்களைத் தள்ளி நிற்கவைத்தேன். ஐந்நூறு காலண்டர், ஐந்நூறு வீட்டுச் சுவர், பன்னிரண்டு மாதம். ஒருவரும் கேட்கவில்லை. நானும்.

ஐஸ் தின்ற பிள்ளையின் அப்பாவைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அவர் வீட்டில் அந்தக் காலண்டர் தொங்கியிருக்காது என்று என்ன நிச்சயம்?

17 ஏப்ரல் 2024

பௌதிக ஆசிரியை நாள் குறித்துக் கொடுத்தார். சூரியன் நேராகத் தஞ்சாவூர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு தரம், ஏப்ரல் நடுவில் ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. இந்த வருடம் லீப் வருடம் என்பதால் ஏப்ரலில் அது இன்றைக்கு.

சித்திரை 4. முப்பது வருடத்தில் சித்திரை மாதத்தில் பெரிய கோயிலுக்குப் போவது இதுதான் முதல் தடவை. தேர்தல் பிரசாரம் ஓய்கிற நாள் வேறு. தெருவெல்லாம் ஒலிபெருக்கி வண்டிகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடின. வாசலைத் தாண்டி உள்ளே போனதும் அது தேய்ந்து, மைதானத்தில் கல்லின் சூடு மட்டும்.

இந்தக் கதையை யாரும் சரிபார்க்காததற்குக் காரணம் அங்கேதான் புரிந்தது. சித்திரை மதியம், வெறுங்கால், ஆயிரம் வருடத்துக் கருங்கல். பன்னிரண்டு மணிக்கு அதில் நின்று நிழலை ஆராய எவனுக்குத் தலையெழுத்து? கயிற்றுப் பாய் விரித்த பாதையை விட்டு இறங்கினால் நாட்டியம்தான். ஈரத் துண்டை நாலாக மடித்து அதன்மேல் நின்றேன். இரண்டு நிமிடத்தில் துண்டு காய்ந்துவிட்டது.

12:13. பேனாவை நிறுத்திப் பார்த்தேன், மூடி அளவுக்குக்கூட நிழல் இல்லை. என் நிழல் என் காலுக்கடியில் ஒரு கறுப்புத் தட்டு. விமானத்தின் நாலு பக்கமும் தரை பளிச்சென்று கிடந்தது. இதைத்தான் பார்க்க வந்தேன், பார்த்தாயிற்று, கிளம்பலாம் என்று திரும்பினேன்.

அப்போது மேற்குச் சுவர் மாறியது. உச்சி தாண்டி ஐந்தாறு நிமிடம்தான் இருக்கும். சூரியன் ஒரு நூல் மேற்கே சாய்ந்திருக்கிறது, வெயில் சுவரை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்குகிறது. புடைத்து நின்ற ஒவ்வொன்றுக்கும் கீழே நீள நீளமாக நிழல். பூவரிசைக்கு, யாளிக்கு, கற்களின் இணைப்புக்கு, உளி தவறிய இடத்துக்குக்கூட. மார்கழி வெயிலில் வழுவழுப்பாகத் தெரிகிற பட்டையில் எழுத்து எழும்பி நின்றது. தரையில் நிழல் இல்லாத நேரத்தில் நிழல் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதினோரு படம் எடுத்தேன். பிறகு கால் தாங்கவில்லை.

18 ஏப்ரல் 2024

கொப்புளம் இரண்டு. கேட்டவர்களுக்கு நன்றி. வெண்ணெய் தடவச் சொன்னவருக்கு: வேண்டாம், அது புண்ணைக் கெடுக்கும், குளிர்ந்த தண்ணீர்தான் வைத்தேன்.

20 ஏப்ரல் 2024

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து நன்றாக எழுந்ததாகச் சொன்னேன், முழு உண்மை இல்லை. வெயில் மேலிருந்து கீழே வந்ததால் கிடைக்கோடுகள் மட்டும் ஆழமாக விழுந்திருக்கின்றன. செங்குத்துக் கோடுகள் மங்கல். பாதி எழுத்துகளுக்கு முதுகெலும்பு இல்லை. பக்கவாட்டில் வெயில் அடித்தால்தான் மற்றப் பாதி தெரியும்.

22 ஜூன் 2024

அந்த மற்றப் பாதிக்காக நேற்றுப் போனேன். வடக்குச் சுவர். மார்கழியில் நாள் முழுக்க நேர் வெயில் படாத சுவர் அது. அதனால் அதை நான் எப்போதும் "செத்த பக்கம்" என்பேன், காமிராவைத் திருப்பினதே இல்லை. ஜூனில் சூரியன் வடக்கே போய்விடுவதால் காலை எட்டரை ஒன்பதுக்கு வெயில் பக்கவாட்டில் அதன்மேல் ஓடுகிறது. செங்குத்துக் கோடுகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன.

எனக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரியாது. கூட வந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எழுத்தின்மேல் விரல் படாமல் காற்றிலேயே தடவித் தடவி வாசித்தார். "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்" என்று வருகிற ராஜராஜனின் ஆணையை அவர் மனப்பாடமாகவே சொல்வார். கல்லில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்கும்போது மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி இழுத்தார். கொடுத்தவர்கள் வரிசையில் ராஜராஜன் தனக்கு அடுத்து அக்காவை வைத்திருக்கிறார், பார்த்தீர்களா என்றார். எனக்கு என் அக்கா ஞாபகம் வந்தது. முதல் காமிராவுக்குப் பணம் அவள் கொடுத்தது. அதை எந்தக் கல்லிலும் நான் வெட்டவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன்.

உச்சிவரை இருந்து பார்த்தேன். நிழல் தெற்கே. சிகரத்தின் நிழல் அடிப்பாகத்தைத் தாண்டவில்லை. மதுரை ஆசிரியைக்கு முழு மதிப்பெண்.

24 ஆகஸ்ட் 2024

இரண்டாவது நாள் இன்றைக்கு. கேள்வி கேட்ட தம்பியும் சென்னையிலிருந்து வந்துவிட்டார், சிரித்தானே அந்த ஆபீஸ் பையனையும் கூட்டிக்கொண்டு. மேட்டூர் இந்த வருடம் ஜூன் 12-இல் திறக்காமல் ஜூலை கடைசியில்தான் திறந்தது. கோயிலை ஒட்டி ஓடும் புது ஆற்றில் கலங்கல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

12:16-க்கு உச்சி. 12:05-க்கு மேகம் மூடியது. மாமல்லபுரத்து மேகம் இல்லை, அசல்.

மூன்று பேரும் அண்ணாந்துகொண்டு நின்றோம். எங்களுக்கும் நிழல் இல்லை, விமானத்துக்கும் இல்லை, பக்கத்தில் படுத்திருந்த நாய்க்கும் இல்லை. ஆபீஸ் பையன் சிரிக்கவில்லை. "அப்ப சார், விழுமா விழாதா?" என்றான்.

12:30-க்கு ஒரு பொட்டு வெயில் வந்தது. அதற்குள் நடை சாத்த மணி அடித்துவிட்டார்கள்.